பொத்தான் இல்லாத சட்டை

(திருவருகைக்காலம் மூன்றாம் ஞாயிறு, மூன்றாம் ஆண்டு. வானொலியில் ஒலிபரப்பான மறையுரை. நற்செய்தி: லூக்கா 3:10-18)



இன்று திருவருகைக்காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று திருச்சபை இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. முதல் வாசகத்தில் செப்பனியா இறைவாக்கினர் சீயோன் மகளை ஆடிப்பாடி மகிழச் சொல்கிறார். இரண்டாம் வாசகத்தில் பவுல், தாம் சிறையில் இருந்துகொண்டே, பிலிப்பி நகர மக்களை மகிழ்ந்திருக்கச் சொல்கிறார். இந்த இரண்டையும் கேட்டுவிட்டு நற்செய்திக்கு வந்தால், அங்கே மகிழ்ச்சியைப் பற்றிப் பேச்சே இல்லை. யோர்தான் கரையில் யோவான் நிற்கிறார். மக்கள் கூட்டமாக வந்து, நாங்கள் என்ன செய்யட்டும் என்று கேட்கிறார்கள். இரண்டு உடுப்பு வைத்திருப்பவன் ஒன்றை இல்லாதவனுக்குக் கொடுக்கட்டும், சாப்பாடு விஷயத்திலும் அப்படியே என்கிறார் அவர்.

இவ்வளவுதான் பதில். என்னோடு பாலைநிலத்துக்கு வா என்று யோவான் யாரையும் அழைக்கவில்லை. வெட்டுக்கிளியும் தேனும் சாப்பிடச் சொல்லவில்லை. வரிதண்டுவோர் வந்து கேட்டார்கள். அந்த வேலையை விட்டுவிடு என்று அவர்களிடம் சொல்லவில்லை. படைவீரர் வந்து கேட்டார்கள். வாளைக் கீழே போடு என்று அவர்களிடமும் சொல்லவில்லை. அவரவர் வீட்டுக்குப் போய் துணிப்பெட்டியைத் திறந்து பார்க்கச் சொன்னார், அவ்வளவுதான். இதைக் கேட்டுத்தான் அந்த மக்கள் இவர் மெசியாவாக இருப்பாரோ என்று எண்ணத் தொடங்கினார்கள் என்று லூக்கா எழுதுகிறார்.

இதில் நாம் கவனிக்காமல் தாண்டிப் போகிற ஒன்று உண்டு. யோவான் கேட்டது பழைய துணியை அல்ல. பத்து உடுப்பு இருப்பவனிடம் ஒன்றைக் கேட்கவுமில்லை. இரண்டே இருப்பவனிடம் ஒன்றைக் கேட்டார். இரண்டு உடுப்பு மட்டும் இருக்கிற மனிதன் யார்? அவனும் ஏழைதான். ஒன்றைத் துவைத்துக் காயப்போட்டால் மற்றதை உடுத்திக்கொள்பவன். ஆகவே, "நாமே இல்லாதவங்க சாமி, நாம எங்க குடுக்கிறது?" என்று என் பங்கில் யாராவது சொன்னால், யோவான் பேசியதே உங்களைப் பார்த்துத்தான் என்றுதான் நான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்த நாட்டில் மேலாடை என்பது பகலில் உடை, இரவில் போர்வை. அதனால்தான் விடுதலைப் பயண நூலில் ஒரு சட்டம் இருக்கிறது. ஏழையின் மேலாடையை அடகு வாங்கினால், சூரியன் மறைவதற்குள் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அவனுக்குப் போர்த்திக்கொள்ள வேறு எது இருக்கிறது, அவன் எதைப் போர்த்திக்கொண்டு தூங்குவான் என்று கடவுளே காரணம் கேட்கிறார். இதை வெயில் ஊரில் இருந்து வாசித்தால் ஒரு பொருள். மார்கழி மாதத்தில் எங்கள் மலையில் இருந்து வாசித்தால் வேறு பொருள்.

சமவெளியில் இருந்து இந்த மறையுரையைக் கேட்பவர்களுக்கு எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல்மட்டத்திலிருந்து 1000 மீட்டருக்கு மேல் இருக்கிறது. மொத்தம் 14 நாடுகள். அதில் ஒன்று திண்ணனூர் நாடு. மரவள்ளி, மிளகு, காப்பி, அன்னாசி, பலா, இன்னும் சில காடுகளில் சாமையும் கேழ்வரகும். ஆகாய கங்கை அருவியைப் பார்க்க வருகிறவர்கள் மாலையில் இறங்கிப் போய்விடுகிறார்கள். குளிர் அதற்குப் பிறகுதான் வரும். கார்த்திகை கடைசியிலிருந்து தை முடியும் வரை பனி கீழே இறங்கி, ஓட்டுச் சந்தில் எல்லாம் புகுந்து வீட்டுக்குள் வந்துவிடும். வீட்டில் இருக்கிற ஒரே கம்பளி பெரியவருக்கு. பிள்ளைகள் அடுப்போரம் சாக்கு விரித்துப் படுத்துக்கொள்வார்கள். தூக்கத்தில் புரண்டு தணலில் கை பட்டுவிட்ட பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

அரசு ஒன்றும் செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்கிறது, அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. 1956-இல் காமராசர் காலத்தில் பள்ளியில் மதிய உணவு வந்தது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாகப் பெரிதாக்கினார். 2022 செப்டம்பரில் காலை உணவும் தொடங்கியது. சீருடை, புத்தகம், பை, காலணி எல்லாம் பள்ளியிலேயே கிடைக்கின்றன. இதெல்லாம் தர்மம் அல்ல, பிள்ளையின் உரிமை. ஒரு பிள்ளைக்கு வர வேண்டிய செருப்பு வரவில்லை என்றால், நாம் முதலில் செய்ய வேண்டியது தலைமையாசிரியரிடம் போய்க் கேட்பது. நன்கொடை வசூலிப்பது அல்ல. பல ஆண்டு அனுபவத்தில் இதை உறுதியாகச் சொல்கிறேன்.

ஆனால் இவை எல்லாம் வருகைப் பதிவேட்டில் பெயர் இருக்கிற பிள்ளைக்கு. அப்பா அம்மா செங்கல் சூளைக்கோ வெளிமாநிலத் தோட்டத்துக்கோ வேலைக்குப் போகும்போது கூடவே போன பிள்ளையின் பெயர் பாதி ஆண்டில் பதிவேட்டிலிருந்து நழுவிவிடும். பள்ளி வயது வராத இரண்டு வயது, மூன்று வயதுப் பிள்ளைக்குப் பள்ளிச் சீருடை கிடையாது. பள்ளி விட்டு வந்த பின், இரவு எட்டு மணிக்கு மேல், போர்வை எந்தத் திட்டத்திலும் கிடையாது. யோவான் சொன்ன இரண்டாவது உடுப்புக்கு வேலை அங்கேதான்.

இப்போது லாரிக் கதைக்கு வருகிறேன்.

ஒவ்வொரு ஆண்டும் கிறிஸ்து பிறப்பு விழா நெருங்கினால் மலைக்கு வண்டிகள் ஏறும். நல்ல மனம் கொண்டவர்கள்தான் அனுப்புகிறார்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மூட்டைகளைப் பிரித்தால் உள்ளே என்ன இருக்கும் என்று இங்குள்ள தாய்மார்களுக்கு மனப்பாடம். ஜிப் அறுந்த கால்சட்டை. ஒற்றைக் காலுறை. கல்யாண வீட்டில் ஒருமுறை உடுத்திய, ஜரிகை குத்துகிற பட்டுப் பாவாடை. சாயம் போன பள்ளிச் சீருடை, அதுவும் எங்கோ ஒரு தனியார் பள்ளியின் பெயர் பொறித்தது. ஒரு வருடம் எங்கள் பாட்டி ஒருத்தி ஒரு சட்டையைத் தூக்கிப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: "சாமி, இதக் குடுத்தவங்க பொத்தான மட்டும் வெட்டி எடுத்து வச்சிக்கிட்டாங்களே, பாத்தீங்களா?" சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். பாட்டி சிரிக்கவில்லை. நூல் அறுந்து தானாக விழுந்த பொத்தான் அல்ல அது. கத்தரியால் ஐந்தையும் வெட்டி எடுத்திருந்தார்கள். பொத்தான் பயன்படும், சட்டை பயன்படாது என்று முடிவு செய்த பிறகுதான் அந்தச் சட்டை எங்கள் மலைக்குப் புறப்பட்டிருக்கிறது.

இது எங்கள் மலைக்கு மட்டும் நேர்ந்ததல்ல. 2004 டிசம்பர் 26, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள், கடல் ஊருக்குள் வந்தது. நாகப்பட்டினமும் வேளாங்கண்ணியும் பட்ட பாட்டை நம் தலைமுறை மறக்காது. நாடு முழுவதிலிருந்தும் துணி வந்து குவிந்தது. அந்த நாட்களில் அந்தப் பக்கம் போனவர்கள் சாலையோரத்தில் கிடந்த துணிக் குவியல்களைப் பார்த்திருப்பார்கள். எல்லாவற்றையும் இழந்து நின்ற மீனவ மக்கள் அந்தத் துணியைத் தொடவில்லை. திமிர் என்று சிலர் சொன்னார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. வீடு போனாலும், படகு போனாலும், பெற்ற பிள்ளையே போனாலும், தான் யார் என்பது ஒரு மனிதனுக்கு மறந்துவிடாது.

அந்தத் துணி மலைகளை என்ன செய்வது என்று திகைத்தபோது, தமிழ்நாட்டு அரசோடு சேர்ந்து அவற்றைப் பிரித்தெடுக்க வந்தவர்களில் தில்லியைச் சேர்ந்த ஓர் அமைப்பினர் இருந்தார்கள். அதன் பெயர் கூஞ்ச். இந்தியில் எதிரொலி என்று பொருள். அன்ஷு குப்தா என்பவர் 1999-இல் தொடங்கியது. தம் வீட்டு அலமாரியிலிருந்து எடுத்த 67 துணிகளோடு தொடங்கினாராம். 2015-இல் அவருக்கு மகசேசே விருது கிடைத்தது.

அவர் இந்த வேலைக்கு வந்த கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். இளம் வயதில், தில்லியில், ஒரு மனிதரைச் சந்திக்கிறார். கேட்பாரற்றுக் கிடக்கும் பிணங்களைத் தம் வண்டியில் எடுத்துப் போவது அந்த மனிதரின் தொழில். ஒரு பிணத்துக்கு இருபது ரூபாய், கொஞ்சம் துணி. குளிர்காலத்தில் அவருக்கு வேலை அதிகம். தெருவில் படுத்திருப்பவர்கள் குளிரில் செத்துப்போவார்கள். அந்த மனிதருக்கு ஒரு சின்ன மகள். குளிர் தாங்க முடியாத இரவில் நான் பிணத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடுவேன், அது புரண்டு படுத்து என்னைத் தொந்தரவு செய்யாது என்று அவள் இயல்பாகச் சொன்னாளாம்.

இதைக் கேட்ட பிறகு நான் சிறிது நேரம் பேசாமல் இருக்கத்தான் விரும்புவேன். வானொலியில் அதற்கு இடமில்லை.

நாம் பொதுவாக வறுமை என்றால் பசி என்கிறோம். உடை என்பது தீபாவளிக்கும் கிறிஸ்துமசுக்கும் கொடுக்கிற கூடுதல் பரிசு என்று நினைக்கிறோம். வெள்ளம் வந்தால், நிலம் நடுங்கினால் துணி கொடுக்கலாம் என்கிறோம். ஆனால் குளிர் என்பது ஏழைக்கு ஒவ்வோர் ஆண்டும் தேதி வைத்து வருகிற பேரிடர். கூஞ்ச் அமைப்பினர் சொல்வது அதைத்தான். மத்தேயு நற்செய்தி 25-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் தம்மைப் பற்றிச் சொல்லும்போது பசியையும் தாகத்தையும் சொல்லிவிட்டு நிறுத்தவில்லை. ஆடையின்றி இருந்ததையும் சேர்த்துச் சொன்னார். நாம் அதைப் பாதி காதில்தான் வாங்கியிருக்கிறோம்.

அவர்கள் வேலை செய்கிற விதத்தில் நமக்குப் பாடம் உண்டு. வருகிற துணியைப் பிரிக்கிறார்கள், துவைக்கிறார்கள், கிழிந்ததைத் தைக்கிறார்கள், பொத்தான் வைக்கிறார்கள். உடுத்தவே முடியாத பருத்தித் துணியையும் வீணாக்காமல், சுத்தம் செய்து, வெட்டி, பெண்களின் மாதவிலக்கு நாட்களுக்கான துணிப்பட்டைகளாக மாற்றுகிறார்கள். மறையுரையில் இதையெல்லாம் சாமியார் பேசலாமா என்று யாரும் முகம் சுளிக்க வேண்டாம். பன்னிரண்டு வருடம் இரத்தப்போக்கால் வருந்திய பெண் தம்மைத் தொட்டபோது நம் ஆண்டவர் முகம் சுளிக்கவில்லை. பெரிய மனுஷியான பிள்ளைகள் மாதத்தில் நாலு நாள் பள்ளிக்கு வராமல் இருப்பதற்கு இந்தத் துணி இல்லாததும் ஒரு காரணம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். ஆண்கள்தான் தெரியாததுபோல இருக்கிறோம்.

இன்னொன்று, அவர்கள் பெரியவர்களுக்குச் சும்மா கொடுப்பதில்லை. ஊர் மக்கள் கூடி, தங்கள் ஊருக்கு எது தேவையோ அதைத் தாங்களே செய்கிறார்கள். கிணறு தோண்டுகிறார்கள், மூங்கில் பாலம் கட்டுகிறார்கள், குளம் தூர்வாருகிறார்கள். அந்த உழைப்புக்கு மரியாதையாகத் துணியும் வீட்டுப் பொருளும் போகின்றன. கை நீட்டி வாங்கியது என்ற பேச்சு எழாது.

பழைய ஏற்பாட்டில் இதற்கு ஓர் அண்ணன் உண்டு. அறுவடையில் மறந்து விட்ட கட்டை அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் விட்டுவிடு என்கிறது இணைச்சட்ட நூல். அறுத்துக் கட்டி அவர்கள் வீட்டில் கொண்டுபோய்ப் போடு என்று சொல்லவில்லை. அவர்கள் வந்து, குனிந்து, தங்கள் கையால் பொறுக்கிக்கொள்வார்கள். மிளகு பறிக்கிற மாதத்தில் கொடிக்குக் கீழே உதிர்ந்ததைப் பொறுக்கிச் சேர்த்தவர்களுக்கு இது விளங்கும். பொறுக்கினாலும் அது உழைப்புதான். ரூத்து அப்படித்தான் போவாசின் வயலுக்கு வந்தாள். போவாசு என்ன செய்தார் தெரியுமா? அவள் காதில் விழாமல் தம் ஆட்களிடம், கட்டுகளிலிருந்து சில கதிர்களை வேண்டுமென்றே உருவிப் போட்டுவிடுங்கள், அவள் எடுக்கும்போது அதட்டாதீர்கள் என்றார். அன்று மாலை ரூத்து வீட்டுக்கு எடுத்துப் போனது அவள் சம்பாதித்தது. அது போவாசு கொடுத்ததும்தான். ஆனால் அந்த இரண்டாவது செய்தி அவளுக்குத் தெரியாது. தாவீதின் வம்சமும், அதன் வழியாக நம் மீட்பரும், இந்த நாகரிகமான மனிதரிடமிருந்து வந்தார்கள்.

கூஞ்ச் அமைப்பினரின் பள்ளித் திட்டம் ஒன்று உண்டு. நகரத்துப் பள்ளிப் பிள்ளைகள் கொடுக்கும் பை, நோட்டு, பென்சில், தண்ணீர்ப் புட்டி எல்லாம் சிற்றூர்ப் பள்ளிகளுக்குப் போகின்றன. அங்கேயும் பிள்ளைகள் செய்த ஏதாவது நல்ல முயற்சிக்கான பரிசாக அதைக் கொடுக்கிறார்கள். இந்த இடத்தில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு, உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். நோட்டுக்கும் பைக்கும் அது சரியாக இருக்கலாம். போர்வைக்குச் சரிவராது. குளிரில் நடுங்குகிற நாலு வயதுப் பிள்ளை எதையும் சம்பாதித்துக் காட்ட வேண்டியதில்லை. ஒழுங்காக இருந்தால் தருவேன் என்று சொல்லக் கூடாத பொருள்களும் உலகில் உண்டு. பெத்லகேமில் மரியா தம் பிள்ளையைத் துணிகளில் பொதிந்து கிடத்தினார் என்று லூக்கா எழுதுகிறார். அந்தப் பிள்ளை அதுவரை என்ன செய்திருந்தது?

அன்பர்களே, நம் மலையிலேயே வள்ளல் ஒருவர் இருந்தார். வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களில் ஒருவர். செம்மேட்டில் அவருக்குச் சிலை இருக்கிறது. ஆண்டுதோறும் ஆடி 17, 18 தேதிகளில் அரசு விழா நடக்கிறது. நாமும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறோம். அதே எழுவரில் இன்னொருவர், பழனி மலைப் பக்கத்து அரசர் பேகன். மயில் குளிரில் நடுங்குகிறது என்று எண்ணித் தம் போர்வையை அதற்குக் கொடுத்தவர். பள்ளிக்கூடத்தில் இந்தக் கதையைக் கேட்டபோது, மயிலுக்கு எதற்குப் போர்வை என்று நாங்கள் பையன்கள் கிண்டல் செய்திருக்கிறோம். இப்போது எனக்கு வேறு ஒன்று கண்ணில் படுகிறது. பேகன் அரண்மனைக்குப் போய்ப் பழைய கம்பளி ஏதாவது இருந்தால் எடுத்துவா என்று ஆளை அனுப்பவில்லை. தம் தோளில் கிடந்ததை எடுத்துப் போர்த்தினார்.

நம் புனித மார்ட்டினும் அப்படியே. நான்காம் நூற்றாண்டு, அமியேன் நகர வாசல், கடுங்குளிர். அவர் அப்போது படைவீரர், திருமுழுக்குக்கூடப் பெறவில்லை. பிச்சைக்காரர் ஒருவரைப் பார்த்ததும் தம் மேலாடையை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்தார். மீதிப் பாதியைப் போட்டுக்கொண்டு அவர் நடந்தபோது சிலர் பார்த்துச் சிரித்தார்களாம். வேறு சிலர், இவரைவிட நம்மிடம் அதிகம் இருந்தும் கொடுக்கவில்லையே என்று உள்ளுக்குள் வருந்தினார்களாம். அன்று இரவு கனவில் கிறிஸ்து அந்தப் பாதித் துணியைப் போர்த்தியபடி வந்தார். கனவில் வந்தவர் உடுத்தியிருந்ததைப் பாருங்கள். நாம் அனுப்பிய மூட்டையிலிருந்து ஒன்றை எடுத்து உடுத்திக்கொண்டு அவர் நம் கனவில் வந்தால் எப்படி இருப்பார்? பொத்தான் இருக்குமா?

செசரியாவின் ஆயர் புனித பசிலியார் இன்னும் கடுமையாகப் பேசியவர். உன் பெட்டியில் மக்கிக் கிடக்கிற துணி உன்னுடையது அல்ல, உடையில்லாதவனுடையது என்பது அவர் போதனை. அவர் கணக்கில் நாம் தானம் செய்வதில்லை. வைத்திருந்ததைத் திருப்பிக் கொடுக்கிறோம். திருப்பிக் கொடுக்கிற பொருளில் பொத்தானை வெட்டி எடுத்துக்கொள்ள நமக்கு உரிமை ஏது?

புனித வின்சென்ட் தெ பவுல் சபையார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அந்தச் சபையைத் தொடங்கிய பிரெடெரிக் ஓசானாம் அப்போது பாரிசில் சட்டம் படித்த மாணவர். 1833 ஏப்ரல் 23, அவருடைய இருபதாவது பிறந்தநாளில் அவரும் நண்பர்களும் முதல்முறை கூடினார்கள். ஏழைகளின் வீடு எங்கே இருக்கிறது என்றுகூட அந்த மாணவர்களுக்குத் தெரியாது; ரோசலி ரான்டு என்ற அருட்சகோதரிதான் வழி காட்டினார். தங்களிடம் எஞ்சியிருந்த விறகை ஓர் ஏழை வீட்டுக்குச் சுமந்து போய்க் கொடுத்தார்கள். ஒன்று கவனியுங்கள்: வீட்டுக்குப் போனார்கள். கோயிலுக்கு வரச் சொல்லி வரிசையில் நிறுத்தவில்லை. இன்றும் அந்தச் சபையின் வழக்கம் அதுதான். இருவராகப் போவார்கள், உட்கார்ந்து பேசுவார்கள், யார் வீட்டுக்குப் போனோம் என்று வெளியில் சொல்ல மாட்டார்கள்.

எங்கள் மலையில் நூறு வருடங்களுக்கு முன்பு அப்படி வீடு வீடாக நடந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவ்லினும். இங்கிலாந்திலிருந்து வந்த பாப்டிஸ்ட் சபையினர். நம் திருச்சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். அதனால் என்ன? மருந்து கொடுத்தார்கள், பள்ளி வைத்தார்கள், கைத்தொழில் கற்றுக் கொடுத்தார்கள். வேண்டாம் என்று கைவிடப்பட்ட பிள்ளைகளை எடுத்து வளர்த்தார்கள். 1929-இல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். எவ்லின் அம்மையார் வயதான காலத்திலும் மலைக்குத் திரும்பி வந்து உழைத்து, 1974-இல் காலமானார். தொழுநோயாளரின் கைகளைச் சீராக்கிய டாக்டர் பால் பிராண்ட் அவர்களுடைய மகன். இந்த மலையில் வளர்ந்தவர். துணி லாரியில் வரலாம். ஆனால் யாருக்கு எது தேவை என்பது நடந்து போகிறவருக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த வருடம் நடந்ததைச் சொல்கிறேன். சமவெளியிலிருந்து ஒரு குழுவினர் தொலைபேசியில் அழைத்து, ஒரு வண்டி துணி சேர்ந்திருக்கிறது, அனுப்பட்டுமா என்றார்கள். நன்றி சொன்னேன்; பத்து நாள் பொறுங்கள், பட்டியல் அனுப்புகிறோம் என்றேன். இதற்கு எங்கள் பங்கிலேயே எதிர்ப்பு. "வர்ற லாரிய வேண்டாம்னு சொல்லலாமா சாமி? நாளைக்கு அவங்க கோவிச்சிக்கிட்டு நிறுத்திட்டா?" என்று பெரியவர் ஒருவர் திருப்பலி முடிந்து வாசலிலேயே நிறுத்திக் கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. பசித்தவன் தட்டைத் திருப்பி அனுப்புவது எனக்கு எளிது. நான் கம்பளி போர்த்திக்கொண்டு தூங்குகிறவன். அதனால் நான் தனியாக முடிவு செய்யவில்லை. அன்பியங்கள் கூடிப் பேசின. இளம் தாய் ஒருத்தி எழுந்து, "போன வருசம் என் மவனுக்குக் குடுத்த பையப் படம் புடிச்சிட்டு, பக்கத்துப் பிள்ளை கையில குடுத்தாங்க, அதையும் படம் புடிச்சாங்க. ஒரே பைதான் நாலு படத்துலயும் இருந்துச்சு. கடைசில அந்தப் பை யாருகிட்ட போச்சுன்னே தெரியல. வீட்டுக்கு வந்து அவன் அழுதான்" என்றாள். அதற்குப் பிறகு பெரியவரும் பட்டியலுக்குச் சம்மதித்தார்.

அன்பியத்துக்கு இரண்டு பேராக, சாலை போகாத ஊர்களுக்கும் நடந்தார்கள். கிறிஸ்தவ வீடா, மலையாளி வீடா என்று பார்க்கவில்லை. எந்தச் சாமியைக் கும்பிடுகிறீர்கள் என்று கேட்கவே கூடாது என்று முதலிலேயே பேசி வைத்திருந்தோம். இந்த உதவிக்குப் பதிலாக ஒரு பிள்ளைகூட கோயில் வாசலை மிதிக்கத் தேவையில்லை. பிள்ளையின் வயது, உயரம், கால் அளவு. கால் அளவுக்கு ஒரு தாளில் பாதத்தை வைத்துப் பென்சிலால் வரைந்தார்கள். அந்தத் தாள்கள் இப்போது என் மேசைமேல் இருக்கின்றன. நான் வேதாகமத்துக்கு அடுத்தபடியாக இந்த மாதம் அதிகம் புரட்டியது அவற்றைத்தான்.

நம் பங்குப் பிள்ளைகளின் துணியைப் பற்றியும் ஒரு முடிவு எடுத்தோம். இங்கே கொடுக்கிற வீட்டுப் பிள்ளையும் வாங்குகிற வீட்டுப் பிள்ளையும் ஒரே வகுப்பில், சில சமயம் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். "இது என்னோட பழைய சட்டை" என்று ஒரு பிள்ளை சொல்லிவிட்டால் போதும். மற்ற பிள்ளை மறுநாள் பள்ளிக்கு வராது. ஆகவே நம் பங்கில் சேருகிற துணி வேறு நாட்டுக்குப் போகும். நமக்கு வேறு இடத்திலிருந்து வரும். கொஞ்சம் அலைச்சல்தான். ஆனால் போவாசு பட்ட சிரமத்தைவிட அதிகம் இல்லை.

பட்டியலைப் பார்த்துவிட்டு அந்தக் குழுவினர் கோபித்துக்கொள்ளவில்லை. இரண்டு நாள் பேச்சில்லை. எனக்கும் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருந்தது. பிறகு, இவ்வளவு காலம் யாரும் எங்களிடம் அளவு சொல்லவில்லை ஃபாதர் என்றார்கள். ஸ்வெட்டர்கள் வந்துவிட்டன, புதியவை, பட்டியலில் இருந்த அளவுகளிலேயே. சேர்த்து வைத்திருந்த துணியில் நல்லதை அவர்களே துவைத்து மடித்து அனுப்பியிருக்கிறார்கள். ஆனால் கம்பளிப் போர்வைகள் பாதிதான் வந்திருக்கின்றன. ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கான செருப்பு ஒன்றுகூட வரவில்லை. அந்தச் சின்ன அளவு கடைகளில் உடனே கிடைப்பதில்லையாம். நடக்கப் பழகுகிற பிள்ளைகளின் பாதத் தாள்கள் அப்படியே இருக்கின்றன.

வானொலி வழியாகக் கேட்டுக்கொண்டிருக்கிற நீங்கள், உங்கள் ஊரில் உள்ள பங்கிலோ பள்ளியிலோ இதே வேலையைச் செய்யலாம். எங்கள் மலைக்குத்தான் அனுப்ப வேண்டும் என்பதில்லை. குளிர் எல்லா மலையிலும் இருக்கிறது. தெருவோரம் படுக்கிறவர்களுக்கு நகரத்திலும் இருக்கிறது. அனுப்புமுன் கேளுங்கள்.

திண்ணனூர் நாட்டுப் பங்கு மக்களுக்கு: இரண்டு கம்பளி இருக்கிற வீட்டார் ஒன்றைத் துவைத்து, வெயிலில் காயவைத்து, வரும் சனிக்கிழமைக்குள் அன்பியப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் துணி பிரித்துத் தைக்கிற வேலை இருக்கிறது. தையல் தெரிந்த தாய்மார்களும் அக்காமார்களும் ஊசி, நூல் கொண்டுவாருங்கள். ஆண்கள் சும்மா வேடிக்கை பார்க்க வர வேண்டாம். பொத்தான் தைப்பது கடினமான வேலை அல்ல, நான் குருமடத்தில் கற்றுக்கொண்டதுதான். பொத்தான்கள் ஒரு டப்பா நிறைய வாங்கி வைத்திருக்கிறேன்.